பழகிப்போச்சுன்னா சொல்லுங்க

துளசிமணி குப்புறப் படுத்துக் கிடந்தாள். கட்டிலின் தலைமாட்டில் முகம் வைத்துக்கொள்ள ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். அதன் வழியே பார்த்தால் தரை தெரியும். தரையில் நாலு டைல்ஸ், ஒரு டைல்ஸின் மூலையில் யாரோ விட்டுப்போன கொண்டை ஊசி, இந்த இருபது நிமிஷத்துக்கு அவ்வளவுதான் உலகம். ஐம்பத்து மூன்று வயதில், பட்டப்பகலில், பெருந்துறை ரோட்டில் டைல்ஸ் கடைக்கு மேலே மாடியில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில், சேலைக் கொசுவத்தைத் தளர்த்திவிட்டு இடுப்பைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பது முதல் நாள் அவளுக்கு உயிர் போகிற வெட்கமாக இருந்தது. பத்தாவது நாளான இன்றைக்கு அந்த வெட்கம் எங்கே போனது என்றே தெரியவில்லை. இடுப்பின் இரண்டு பக்கமும் நாலு பட்டை ஒட்டி, மேலே சுடுதண்ணீர்ப் பை வைத்து, தாரணி என்ற அந்தப் பெண் எண்ணைச் சொல்லிக்கொண்டே கரண்டு மெஷினின் குமிழைத் திருகினாள். "போதும்னா சொல்லுங்கம்மா." துளசிமணி வழக்கம்போல இருபத்து நாலில் போதும் என்றாள். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதுங்களா? கொஞ்ச நேரத்துல ஒண்ணும் தெரியாத மாதிரி ஆயிரும், ஒடம்பு பழகிக்கும். பழகிப்போச்சுன்னா சொல்லுங்க, கூட்டி வெச்சு உடறேன்." பத்து நாளாக இதையே சொல்கிறாள். துளசிமணி ஒரு நாளும் கூப்பிட்டுச் சொன்னதில்லை. எதையும் கூட்டி வை என்று யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லாத பிறவி அவள். தாரணி திரையை இழுத்துவிட்டுப் போகும்போது சிகிச்சை விவரம் எழுதும் மஞ்சள் அட்டையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். "இன்னிக்குக் கடைசி. மணி அடிச்சதும் வந்து கேப்பேன், வலி இருக்குதா இல்லையான்னு ஒரே வார்த்தையில சொல்லோணும், சரிங்களா?" சரி என்று துளசிமணி ஓட்டைக்குள் தலையாட்டினாள். தரைக்குத்தான் தெரிந்தது.

ஒரே வார்த்தை. அந்த ஒரே வார்த்தையை நம்பித்தான் மகன் சதாசிவம் கோயமுத்தூரில் ஒரு ஹோமில் பேசி வைத்திருக்கிறான். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடம், நல்ல இடம், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் எல்லாம் இருக்கிறதாம். "அம்மா, உங்க இடுப்பு சரியாயிருந்தா அப்பா நம்மூட்டுலயே இருக்கட்டும். சரியாவலீன்னா ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிடறேன். நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம், அந்தப் புள்ள அட்டையில எழுதிக் குடுக்கட்டும், போட்டோ எடுத்து அனுப்புங்க." ரொம்ப நியாயமாகப் பேசுகிற பிள்ளை. முடிவை எடுக்கிற பாரம் அம்மாவுக்கு வேண்டாம் என்று நினைத்து, அதைக் கொண்டுவந்து அம்மாவின் இடுப்பிலேயே இறக்கி வைத்துவிட்டான். வலி இல்லை என்றால் நாளையிலிருந்து மறுபடியும் அவள்தான் படுக்கையில் கிடக்கிற புருஷன் நாச்சிமுத்துவைத் தூக்க வேண்டும். காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கக்கூஸுக்கு, அங்கிருந்து மறுபடி, எழுபத்து நாலு கிலோ, பதினோரு மாதமாகச் செய்ததுதான். வலி இருக்கிறது என்றால் அவர் போய்விடுவார். இந்த இரண்டில் எது நல்லது என்று யாராவது சொன்னால் தேவலை, ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லை, வலிக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள், அதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

தெரியவில்லை என்றால் நிஜமாகவே தெரியவில்லை. நேற்று பஸ்ஸில் ஏறும்போது சுளீர் என்றது, அது வலியா, வலி வந்துவிடுமோ என்று உடம்பு தானே சுருங்கிக்கொண்டதா? ராத்திரி புரண்டு படுத்தபோது ஒன்றுமில்லை, ஒன்றுமில்லையே என்று நினைத்த உடனே இருந்தது. முன்னெல்லாம் இடது கால் கட்டைவிரலை மடக்கினால் போதும், இடுப்பிலிருந்து குதிகால் வரை கம்பி இழுத்த மாதிரி ஓடும். இப்போது மெதுவாக மடக்கிப் பார்த்தாள். எறும்புகள் ஊர்ந்தன. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம், சலிக்காத எறும்புகள், அவற்றுக்கு அடியில் வலி இருக்கிறதா என்று பார்க்க முடியவில்லை, பாயைத் தூக்கினால்தானே அடியில் கரப்பான் இருப்பது தெரியும். தாரணியிடம் ஒரு நாள் கேட்டாள், ஏன் கண்ணு, இந்தக் கரண்டு வலியைப் போக்குதா மறைக்குதா என்று. அந்தப் புள்ள சிரித்துக்கொண்டு, வலி மூளைக்குப் போற வழியில கரண்டு குறுக்க நின்னுக்குமுங்க, வலி சொல்றது மூளைக்குக் கேக்காது என்றது. அப்படியானால் வலி அங்கேயே நின்று கத்திக்கொண்டுதானே இருக்கும், கேட்காமல் போனால் இல்லை என்று ஆகிவிடுமா? இதைக் கேட்க நினைத்துக் கேட்கவில்லை, பாவம், அடுத்த கட்டிலில் தோளைத் தூக்க முடியாத ஒரு மனிதர் ஐயோ அம்மா என்று காத்திருந்தார்.

இன்றைக்கும் அந்த மனிதர் வந்திருக்கிறார், திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய ஐயோ அம்மா கேட்கிறது. "இன்னும் கொஞ்சம் தூக்குங்க சார், இன்னும் கொஞ்சம்" என்கிறாள் தாரணி. தலைக்கு மேலே மின்விசிறி தளர்ந்தது, ஒரு நிமிஷம் நின்றே விடுவது போலச் சுற்றி, மறுபடி வேகம் பிடித்தது. கரண்டு போய்விட்டு வந்திருக்கும், இந்த ஏரியாவில் இதே எழவு. கரண்டு என்றாலே துளசிமணிக்கு ஆகாது. முப்பது வருஷம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவனுக்கு வாக்கப்பட்டவளுக்குக் கரண்டுக்குப் பயம் என்றால் ஊர் சிரிக்கும், ஆனால் வாக்கப்பட்டதால்தானே அந்தப் பயமே வந்தது. மழை அடித்தால் போதும், நாச்சிமுத்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் டிரான்ஸ்பார்மரின் ப்யூஸைக் கழற்றித் தன் பையிலேயே போட்டுக்கொண்டு ஏறுவார், கீழே எவனாவது நல்லவன் அதைத் திரும்ப மாட்டிவிடுவான் என்று யாரையும் நம்பமாட்டார். வீட்டில் ஒரு சுவிட்ச் ஷாக் அடித்தபோது அவளைக் கூப்பிட்டுப் பாடம் நடத்தினார். "இங்க பாரு, தொட்டுப் பாக்கறதுன்னா பொறங்கையில தொடோணும். உள்ளங்கையில தொட்டியின்னா கரண்டு கையை மூடிக்கும். உடோணும்னு நீ நெனச்சாலும் உட முடியாது." அந்த ஒரு தடவைதான் அவர் அவளிடம் பொறுமையாக எதையாவது சொல்லிக்கொடுத்தது. மற்றபடி எரிந்து விழுகிற மனுஷன். சாம்பாரில் உப்பு, சட்டையில் மடிப்பு, பொண்டாட்டி முகத்தில் சிரிப்பு எதுவும் சரியாக இருந்ததில்லை. கம்பத்திலிருந்து விழவில்லை, கரண்டு அடிக்கவில்லை, ஓய்வு பெற்று எட்டாம் மாதம் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது மூளையில் கடுகளவு ரத்தம் கட்டி வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு வார்த்தை, சரி. பசித்தால் சரி, ஈரமானால் சரி, கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு சரி சரி சரி. முப்பது வருஷத்தில் அவள் சொன்ன எதற்கும் சரி என்று சொல்லாத மனுஷன். நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரித்தால் அழுகை வருகிறது, எதற்கு எது வருகிறது என்று ஒரு முறையில்லாமல் ஆகிவிட்டது.

எறும்புகள் எங்கே? துளசிமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுப்பைக் கவனித்தாள். ஒன்றும் ஊரவில்லை. சுடுதண்ணீர்ப் பை மட்டும் கனமாக, லேசான சூட்டோடு கிடந்தது. பழகிப்போய்விட்டது. எவ்வளவு சீக்கிரம் பழகுகிறது பார் இந்த உடம்பு, கரண்டுக்கே பழகிவிடுகிறது, பிறகு எதற்குத்தான் பழகாது. கூப்பிடலாமா? தாரணி அந்தத் தோள்வலிக்காரரின் கையைத் தூக்கிக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் கூட்டி வைப்பாள். வேண்டாம், போகட்டும். கட்டைவிரலை மறுபடி மடக்கினாள். இல்லை. குதிகாலை நீட்டினாள். இல்லை. இடுப்பெலும்பைக் கட்டிலோடு அழுத்தி, வலிக்கிற இடம் என்று அவளுக்கு அத்துப்படியான அந்த இடத்தைத் தேடினாள், வீட்டுச் சாவியைத் தேடுகிற மாதிரி, இங்கேதானே வைத்தேன், இங்கேதானே. இல்லை. கரண்டு மறைத்து வைத்திருக்கிறது, எடுத்துவிட்டால் வந்துவிடும் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்ட விதத்தில் ஒரு ஆறுதல் இருந்ததைக் கவனித்துத் திடுக்கிட்டாள். வலி வந்துவிடும் என்பதில் என்ன ஆறுதல்? எந்தப் பொம்பளையாவது வலி காணாமல் போய்விட்டதே என்று பயப்படுவாளா? அவள் பயந்துகொண்டுதான் இருந்தாள். 

அன்றைக்கு வலி வந்ததை நினைத்தால், அது வந்ததா அல்லது அவள் கூப்பிட்டாளா என்று இப்போது சந்தேகம் வருகிறது. கக்கூஸ் நாற்காலியிலிருந்து அவரைத் தூக்கினாள், எப்போதும்போல இரண்டு கையையும் அக்குளுக்குள் கொடுத்து, ஒன்று ரெண்டு மூணு. மூணு சொல்லும்போது அவர் இடது காலை ஊன்ற வேண்டும், அன்றைக்கு ஊன்றவில்லை, அல்லது அவள் மூணு சொல்லாமலே தூக்கினாளோ, இடுப்பில் சொடக்குப் போட்ட மாதிரி ஒரு சத்தம், இரண்டு பேரும் ஈரத்தரையில் விழுந்தார்கள். எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிட்டால் வருவதற்கு ஆளில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அரை மணி நேரம் போல இருக்கும், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார்கள். ஸ்ட்ரோக் வந்த நாளிலிருந்து அவர் வீட்டில் வாங்கிப் போட்ட ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவள் கீழே பாயில், இப்படிப் பக்கத்தில் படுத்து மாதக்கணக்காகிவிட்டது. நாச்சிமுத்து நல்ல கையை நகர்த்தி நகர்த்திக் கொண்டுவந்து அவள் தலையில் வைத்தார். ஈரத்தில் நனைந்த முடியை ஒதுக்கிவிட்டார். "சரி," என்றார், ரொம்ப மெதுவாக, "சரி, சரி." அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்தது என்று முப்பது வருஷமாக அவளுக்குத் தெரியாது. அப்போது அவளுக்கு வந்தது அன்பு என்று சத்தியம் செய்வாள். அதே நேரத்தில், அதே தரையில், அப்பாடா இனி தூக்க வேண்டியதில்லை என்று ஒன்று உள்ளுக்குள் கைகாலை நீட்டிப் படுத்துக்கொண்டதே, அது என்ன? அதற்கும் சத்தியம் செய்வாள். இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருந்தது?

பிறகு நங்கை பூவாத்தாள், புருஷனின் அக்கா, காங்கேயத்திலிருந்து வந்து இறங்கினாள். அறுபத்தஞ்சு வயது, நாலு மாடு வைத்துப் பால் கறக்கிற கை. தம்பியை ஒரே மூச்சில் தூக்கி உட்கார வைத்துவிட்டு, "ஏம்புள்ள, இதுக்கா இடுப்புப் புடிச்சுது?" என்றாள். துளசிமணி, "என்னமோ தெரியலீங்க நங்கை" என்றாள். நங்கை போகிறபோக்கில் கேட்டதுதான், ஆனால் பத்து நாளாக அது காதிலேயே நிற்கிறது. நங்கை நாளைக்கு, சனிக்கிழமை, ஊருக்குப் போயே ஆக வேண்டும், பேத்திக்குச் சீர் வைத்திருக்கிறார்கள். அவளைப் பிடித்து வைக்க முடியாது, அவளும் மனுஷிதானே. இந்தப் பத்து நாளும் துளசிமணி தினம் பத்து மணிக்குக் கிளம்பி, டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இங்கே வந்து இருபது நிமிஷம் குப்புறப் படுத்து, திரும்பும்போது கீழே பேக்கரியில் ஒரு டீயும் தேங்காய் பன்னும் வாங்கி, ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. திருட்டு மாதிரி இருந்தது. ஒரு நாள் நங்கை, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, கூட்டமுங்க என்றாள். கூட்டமே இல்லை, பன் இருந்தது. பதினோரு மாதத்தில் நன்றாக இருந்தது இந்தப் பத்து நாள்தான் என்று நினைப்பதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை, உண்மையை என்ன செய்வது. நாலாம் நாள் வீடு திரும்பியபோது நாச்சிமுத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நங்கை சொன்னாள், நீ போனதுலருந்து இப்படித்தான், கழுத்தைத் திருப்பவே இல்லை என்று. அவள் வாயோரத்தில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்ததோ என்னவோ, அவர் உற்றுப் பார்த்தார். சரி என்றார். எந்தச் சரி அது? ஹோம் விஷயத்தைச் சதாசிவம் ஃபோனில் சத்தமாகப் பேசியபோதும் சரி என்றுதான் சொன்னார். அதைக் கேட்டுச் சதாசிவம், பாத்தீங்களாம்மா, அப்பாவே சரிங்கறாரு என்றான். அவன் அப்பாவுக்கு வேறு வார்த்தை ஏது?

மணி ஏன் அடிக்கவில்லை? இருபது நிமிஷம் ஆகியிருக்க வேண்டும். சுடுதண்ணீர்ப் பை ஆறிப்போய், யாரோ கை வைத்து மறந்துவிட்டது மாதிரி வெறும் பாரமாகக் கிடந்தது. கொண்டை ஊசியின் பக்கத்தில் ஒரு நிஜ எறும்பு வந்து, சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஐயோ அம்மா சாரின் குரலையும் காணோம், போய்விட்டாரா? நேரம் நிறைய ஆனதா, கொஞ்சம் ஆனதா? மணி அடித்துவிட்டால் தாரணி வந்து கேட்பாள், அதனால் அடிக்காமலே இருக்கட்டும் என்று தோன்றியது. அடித்துத் தொலைந்தால் தேவலை என்றும் தோன்றியது. இருக்குது என்று சொன்னால் என்ன, எத்தனையோ பேர் இல்லாத வலியைச் சொல்கிறார்கள். ஆனால் இல்லாத வலியா? கரண்டை எடுத்தால் இருக்குமே. இருந்தால் பொய் இல்லை. ஆனால் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேனே, அப்படி நினைத்து வந்த வலி என் வலியா? வேப்பமரம் இருக்கிற ஜன்னலோரத்தில் அவரைப் படுக்க வைத்துவிட்டுச் சதாசிவம் திரும்பி வருகிறபோது அவர் கழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்? அங்கே வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தன், என்ன சார் வேணும் என்று கேட்பான். சரி என்பார். தண்ணீர்ச் சரிக்கும் ஈரச் சரிக்கும் வித்தியாசம் அவனுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கே மூன்று மாதம் ஆயிற்று. இல்லை, போகக் கூடாது, இல்லை என்று சொல்லிவிடலாம், வலி இல்லை, சுத்தமாக இல்லை. அப்படி முடிவு செய்த மறுநிமிஷம், எழுபத்து நாலு கிலோவும் கழுத்தில் வந்து இறங்கியது. நாளைக்கு, நாளன்றைக்கு, இன்னும் பத்து வருஷம், இருபது வருஷம். அவர் அப்பா தொண்ணூறு வயது வரை இருந்தவர்.

திரை சரக்கென்று விலகியது. ஓட்டையின் கீழே தாரணியின் நீலச் செருப்புகள் ஓடி வந்து நின்றன.

"அய்யோ, அம்மா! இன்னும் படுத்துட்டா இருக்கறீங்க? நீங்க எந்திரிச்சுப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன்... மணி அடிக்கவே இல்லீங்களா?"

"இல்ல கண்ணு."

செருப்புகள் மெஷின் பக்கம் போயின. 

"கூப்பிட்டிருக்கக் கூடாதுங்களா? மெஷின் சைபர்ல நிக்குது. அப்பவே கரண்டு போயிட்டு வந்துச்சில்ல, வந்தா இது தானா ஓடாதுங்க, நாந்தான் மறுபடி போடோணும். அந்த சாரைப் பாத்துட்டு மறந்தே போயிட்டேன். முக்கால் மணி நேரமா வெறும் பட்டைய ஒட்டிட்டுப் படுத்திருக்கீங்க."

 அப்படியானால் வலிக்குக் குறுக்கே எதுவும் நிற்கவில்லை. வழி திறந்தேதான் கிடந்திருக்கிறது. முக்கால் மணி நேரம் விரலை மடக்கி, குதிகாலை நீட்டி, எலும்பை அழுத்தித் தேடியபோது இல்லாதது, இல்லாததேதான்.

தாரணிக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். குரலில் சந்தோஷம் வந்துவிட்டது. "ஏனுங்கம்மா, கரண்டே இல்லாம இத்தன நேரம்! வலிக்கலீங்களா? அப்படின்னா சரியாயிருச்சுங்கம்மா! அட்டையில எழுதீரட்டுங்களா?"

"தெரியல கண்ணு," என்றாள் துளசிமணி. தன் குரல் யாருடையதோ மாதிரி கேட்டது.

"தெரியலன்னு எழுத முடியாதுங்கம்மா. இருக்குதா, இல்லையா?"

"கரண்டு வெச்சு உடு. வெச்சாத்தான் தெரியும்."

அது தலைகீழான பேச்சு என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஆனால் தாரணி மறந்துபோன குற்ற உணர்வில் இருந்தாள், மறுத்துப் பேசவில்லை. குமிழைத் திருகினாள். எறும்புகள் வந்தன. "இருபத்து நாலு. போதுங்களா?" துளசிமணி போதும் என்று சொல்லவில்லை. "முப்பது." எறும்புகள் கடிக்க ஆரம்பித்தன. "முப்பத்தஞ்சு... அம்மா?" இடுப்புச் சதை தானாகவே இறுக்கிப் பிடித்து, விட்டு, மறுபடி இறுக்கியது. அவள் கட்டிலின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். "கூட்டு" என்றாள். "வேண்டாமுங்க, இதுக்கு மேல யாருக்கும் வெக்கறதில்ல." "கூட்டு கண்ணு, பழகிப்போச்சு." இன்னும் ஒரே ஒரு திருகு. பளிச்சென்று இடுப்பிலிருந்து குதிகால் வரை அந்தப் பழைய கம்பி ஓடியது, அதுவா, அது மாதிரி வேறொன்றா, யார் கண்டது, கண்ணில் தண்ணீர் வந்து ஓட்டை வழியாக டைல்ஸில் சொட்டியது.

"வலிக்குது," என்றாள். "இப்ப வலிக்குது. இருக்குதுன்னு எழுதிக்க."

தாரணி பதறிப்போய்க் குமிழைக் கடகடவென்று கீழே இறக்கினாள். பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது, அட்டையில் அது ஓடும் சத்தமும் கேட்டது. ரொம்பச் சின்னச் சத்தம். எழுதி முடித்துவிட்டு அந்தப் பெண் துளசிமணியின் முதுகில் கை வைத்துத் தடவிக்கொடுத்தாள்.

"அழுவாதீங்கம்மா. இன்னும் ஒரு பத்து நாள் வாங்க, உங்களை நல்லா பண்ணி அனுப்பறது எம்பொறுப்பு."

"நல்லாயிட்டு," என்று துளசிமணி தரையைப் பார்த்துக் கேட்டாள், "நான் யாரைக் கண்ணு தூக்கப் போறேன்?"